முதல் வெட்டு

ஆளி விதையை நம்மில் பாதிப் பேராவது இப்போது வாங்குகிறோம். வறுத்துப் பொடித்துச் சத்துமாவில் கலக்கிறோம், பிள்ளைகளுக்குத் தெரியாமல் தோசை மாவில் சேர்க்கிறோம். அந்தச் செடியின் தண்டை ஊறவைத்து, அடித்து, நாரை உரித்து நெய்வதுதான் லினன் என்பது எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்த பிறகுதான் தெரியும். அதுவரை லினன் என்றால் எனக்கு ஓர் உருளை. செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) துணிக்கடையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்த ஓர் உருளை.

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் பிள்ளை வளர்க்கிறவர்களுக்காக. எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். அம்மா இருக்கிறாள். அவளை நான் விட்டுக்கொடுப்பதாக ஆகிவிடுமோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்த்திகையில் அம்மாவுக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயதில் இப்போது நான் இருக்கிறேன். அவள் செய்ததை வேறு யாராவது சொல்வதைவிட நான் சொல்வது மேல் என்று தோன்றுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கச்சிக்கு ஆறு நடந்துகொண்டிருந்தது. தீபாவளி வியாபாரம் முடிந்து, மழையும் விட்டிருந்தது. ஈரோட்டுப் பக்கத்துத் தரகர் ஒருவர் வழக்கமான சேலைக் கட்டுகளோடு அந்த உருளையையும் இறக்கிவிட்டுப் போனார். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு, ஏதோ காரணத்தால் தங்கிவிட்டது என்றார். சாயம் போடாத துணி. காய்ந்த வைக்கோலுக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம். உள்ளங்கையை வைத்தால் பானைத் தண்ணீரில் வைத்தது போல் ஜில்லென்று இருக்கும். மூக்கை வைத்தால் நனைந்த புல்லின் வாசனை. நூலில் அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சுகள். மடித்து எடுத்தால் மடித்த கோடு அப்படியே நின்றுவிடும், எத்தனை நீவினாலும் போகாது.

நைனா அதைப் பார்த்து மயங்கிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பொங்கலுக்குள் செஞ்சியில் பாதி ஆம்பிளைகள் லினன் சட்டையில் நடப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கடையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. அவற்றைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

ஒன்று, முதல் வெட்டு. புதுக்கட்டைப் பிரித்தால் அதன் முதல் வெட்டு நல்ல காரியத்துக்குத்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, குறைந்தது ஒரு பிறந்தநாளுக்கு. அதுவரை முனையில் குங்குமம் வைத்து அப்படியே நிறுத்தி வைப்பார். லினனுக்குப் பெரிய இடத்து முதல் வெட்டு வேண்டும் என்று ஆசைப்பட்டார். தாலுக்கா ஆபீசில் இருந்த ஒரு பெரிய அதிகாரி பொங்கலுக்குச் சட்டை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்காக உருளை காத்திருந்தது.

இன்னொன்று, கோடி. இறந்தவர் மேல் போர்த்தும் புதுத்துணி. அதற்குக் கீழ்த்தட்டில் காடாத் துணி, வெளுக்காத முரட்டுப் பருத்தி, தனியாக இருக்கும். கோடி வாங்க வருகிறவர்கள் கடைக்குள் ஏற மாட்டார்கள், படிக்குக் கீழேயே நிற்பார்கள். நைனாவும் அவர்களை ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார். கத்தரி வைக்க மாட்டார், ஓரத்தைக் கிள்ளிக் கையாலேயே கிழிப்பார். கடைப் பெயர் போட்ட பையில் போடாமல் பழைய பேப்பரில் சுற்றித் தருவார். ‘போய்ட்டு வாங்க’ என்பதும் கிடையாது. உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது ‘பர்ர்’ என்று நீளமாக ஒரு சத்தம் வந்தால் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று எனக்கும் தங்கச்சிக்கும் தெரியும். அவள் உடனே காதைப் பொத்திக்கொள்வாள்.

கோடிக்கு வந்தவரை ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பக் கூடாது. வெறுங்கையோடு அவர் திரும்பினால் சாவு கடைப் படியிலேயே நின்றுவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. நைனாவின் அப்பா காலத்திலிருந்து வருவது.

மதியம் நைனா சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் அம்மாதான் கடையில் உட்காருவாள். பள்ளி அரைநாள் விட்ட ஒரு நாள், நானும் அவளோடு இருந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படிக்குக் கீழே வந்து நின்றார். தலையில் துண்டைக்கூடப் போடாமல் நனைந்திருந்தார்.

“கோடி வேணும்மா.”

அம்மா குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. அந்த வாரம் சாவு அதிகம். இருந்ததைக் காலையிலேயே நைனா கிழித்துக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. மறுநாள்தான் புதுக் காடா வரும்.

“கொஞ்சம் இருங்க” என்றாள். வேறு தட்டுகளில் தேடினாள். எல்லாம் கலர் துணிகள்.

அந்த ஆள் கையை நீட்டினார். “அதோ நிக்கிதே. அதுல குடும்மா.”

அவர் காட்டியது லினன் உருளையை.

“அது வேறங்க. சட்டைத் துணி.”

“எதா இருந்தா இன்னாம்மா. கொஞ்சம் போதும். சின்னப் புள்ள.” அவர் எங்களைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “காய்ச்சல்தான். வந்துது, எறங்கவே இல்ல. சிங்கவரத்துல இருந்து வரேன். நேரம் ஆவுது.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? அவள் உள்ளே நைனா படுத்திருந்த பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு உருளையைச் சாய்த்தாள். ஓரத்தைக் கிள்ளிக் கிழிக்கப் பார்த்தாள். அது காடா மாதிரி கிழியவில்லை. நூல் நூலாக இழுத்துக்கொண்டது. பல்லால் கடித்தாள். கடைசியில் கிழிந்தபோது வந்த சத்தம் ‘பர்ர்’ இல்லை. வேறு மாதிரி, தொண்டை கட்டியவர் இருமுவது போல் இருந்தது. காடா விலைதான் வாங்கினாள்.

அவர் போன பிறகு, பிசிறாக நின்ற ஓரத்தைக் கத்தரியால் நேராக்கினாள். சாமி படத்திலிருந்து குங்குமம் எடுத்துப் புது முனையில் வைத்தாள். கொஞ்சம் தரையில் கொட்டியது; அதை முந்தானையால் துடைத்தாள்.

“நைனா கிட்ட சொல்லாத” என்றாள்.

நான் சொல்லவில்லை. நைனாவும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு தாலுக்கா ஆபீஸ் பெரியவர் வந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தார். “இன்னாய்யா, கோணி மாதிரி இருக்குது?” என்றார். நைனா விடவில்லை. தரகர் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் எடுத்துவிட்டார்.

“சார், இத லேசா நினைக்காதீங்க. எகிப்துன்னு ஒரு தேசம். அந்த ஊரு ராஜாங்க செத்தா இந்தத் துணியிலதான் சுத்துவாங்களாம். ஆயிரக்கணக்கான வருசம் ஆயிடுச்சி, பொணமும் அப்படியே இருக்குது, துணியும் அப்படியே இருக்குதாம். வேற எந்தத் துணி இப்படி உழைக்கும், சொல்லுங்க?”

பெரியவர் கையை மெதுவாகத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டார். அவர் வாங்கியது ஒரு பாலியெஸ்டர்.

எதிர்ச்சாரியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் அங்கிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏம்பா, உயிரோட இருக்கறவனுக்கு எதுனா வச்சிருக்கியா, இல்ல எல்லாம் பொணத்துக்குத்தானா?” என்று கத்தினார். தெருவே சிரித்தது. நைனாவும் சிரித்தார். அம்மா மட்டும் உள்ளே போய்விட்டாள்.

பின்னாளில் லினனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஒரு மாதிரி பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நைனா சொன்னது தப்பில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். கோயில் பூசாரிகள் உடுத்தியிருக்கிறார்கள். கப்பலுக்குப் பாய் கட்டியிருக்கிறார்கள். ஓவியம் வரையச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். புத்தகம் தைக்க அந்த நூல்தான். பிறந்த குழந்தையைச் சுற்றவும், போரில் அறுபட்டவனுக்குக் கட்டுப்போடவும் அதுதான். ஐரோப்பாவில் ராணுவச் சட்டைகளையும் அதில்தான் தைத்தார்களாம். நம் செஞ்சிக் கோட்டையில் வந்து தங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சண்டையில் செத்ததைவிடக் காய்ச்சலில் செத்தது அதிகம் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. அவர்களும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருப்பார்கள். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுப் போய்த் தூங்கிக்கொண்டிருந்த என் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. ஆனாலும் தெர்மாமீட்டர் வைத்தேன்.

துணி நகரவில்லை. நைனாவுக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கும் தங்கச்சிக்கும் அதில் கவுன் தைத்துப் போட்டு, நாங்கள் கடைத்தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்றார்.

“புள்ளைங்களுக்கு வேணாங்க” என்றாள் அம்மா.

“ஏன்?”

“கலரு நல்லால்ல.”

“உனக்குப் பூப்போட்டாதான் துணி. நாளிக்கு எல்லாரும் இதத்தான் கேக்கப் போறாங்க, பாரு.”

“பெரியவளுக்கு மட்டும் தைங்களேன். சின்னது அழுக்காக்கிடும்.”

அன்று அந்த வார்த்தை எனக்கு உறைக்கவில்லை. இப்போது யோசித்தால், ஒருத்தியையாவது காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள் அம்மா. அதில் நான் எந்தப் பக்கம் வந்தேன் என்பதை அவளிடம் கேட்டதில்லை. கேட்கவும் போவதில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கடைக்குப் பக்கத்திலேயே தையல் மிஷின் போட்டிருந்த பாய்தான் தைத்தார். கவுன்களை அவர் கொண்டுவந்ததும், புதுத்துணி என்று அம்மா ஓரத்தில் மஞ்சள் வைத்தாள். ஒரு சொட்டு வைப்பதுதான் வழக்கம். அவள் நான்கு பக்கமும், கழுத்திலும், கையிலும் வைத்தாள்.

“இன்னாம்மா இது?” பாய்க்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்தன. “ராத்திரியும் பகலுமா தச்சேன். மஞ்சத்தண்ணி திருவிழா மாதிரி ஆக்கிட்டீங்களே!”

“இருக்கட்டும் பாய்” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

எனக்கு அந்தக் கவுன் பிடிக்கவில்லை. கழுத்தில் குத்தியது. தங்கச்சிக்கு உயிர். “ஜில்லுன்னு இருக்குதுக்கா” என்று அதைப் போட்டபடியே தரையில் உருளுவாள். கழற்ற விடமாட்டாள். சனி ஞாயிறு லீவில் கோட்டை அடிவாரத்தில் சீத்தாப்பழம் பொறுக்கப் போவோம். மழைக்குப் பிறகு அங்கே புல் இடுப்பளவு நிற்கும். பாறைக்கு நடுவில் புகுந்து, உட்கார்ந்து, படுத்து, விழுந்த பழத்தைப் பொறுக்குவோம். அவளுடைய கவுனில் புல்விதை ஒட்டிக்கொண்டு வரும். அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிவாள்.

மார்கழி தொடங்கிக் கொஞ்ச நாளில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைத்தெரு டாக்டர் சிரப் கொடுத்தார், ஊசி போட்டார். இறங்கியது. சாயங்காலம் மறுபடி ஏறியது. மறுபடி ஊசி, மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. தலை வலிக்கிறது என்று அழுவாள். வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

“அம்மா, எனுக்கு அந்தக் கவுனு போடும்மா.”

“வேணாம்டி.”

“ஜில்லுன்னு இருக்கும்மா. ஒடம்பு எரியுது.”

“வேணாம்னா வேணாம்!”

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கவுனைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். கடையிலிருந்து வந்த நைனா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பாவம், கொழந்த ஆசையா கேக்குது. நல்ல துணி, சூட்ட இழுத்துக்கும்” என்று ஸ்டூல் போட்டு எடுத்து அவரே போட்டுவிட்டார். தங்கச்சி அதில் சுருண்டுகொண்டு தூங்கிப்போனாள். அந்த நிறத்துக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. அம்மா கதவருகே நின்று அதைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

நைனாவிடம் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் அவள் என்னவென்று சொல்வாள்? உங்கள் ஆசைத் துணியின் முதல் வெட்டைச் செத்துப்போன ஒரு குழந்தைக்குக் கொடுத்தேன், மிச்சத்தை நம் குழந்தைகளுக்குத் தைத்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றா? வாயால் சொன்னால் நடந்துவிடும் என்ற பயம் அவளுக்கு இருந்திருக்கும்.

அமாவாசை வந்தது. திண்டிவனத்தில் வேறு டாக்டரிடம் காட்டப் போவதாக நைனாவிடம் சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினாள். பொங்கல் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்ததால் நைனாவால் கடையை விட்டு வர முடியவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. போர்வைக்குள் தங்கச்சி நடுங்குவது அம்மாவின் கைவழியாக எனக்கே தெரிந்தது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். “இன்னாம்மா, கொழந்தைக்கு இப்பிடி கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவாம?” என்றார். அம்மா போர்வையை இன்னும் இழுத்து மூடினாள்.

மேல்மலையனூர் அங்காளம்மன் சுடுகாட்டோடு சம்பந்தப்பட்ட சாமி. சாம்பல்தான் அங்கே பிரசாதம். துணியில் ஏறிய சாவை அவளால்தான் இறக்க முடியும் என்று அம்மா முடிவு செய்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு ஒதுக்குப்புறமாக ஒரு குழாயடியில் தங்கச்சிக்குத் தண்ணீர் ஊற்ற அந்தக் கவுனைக் கழற்றினாள். அப்போதுதான் அதைப் பார்த்தோம். இடுப்பில் அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, தீக்குச்சியை அணைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்திருந்தது.

“வலிக்குதாடி?” என்று நான் தொட்டேன்.

“இல்ல” என்றாள் அவள். கண்ணைத் திறக்கவில்லை.

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். “தொட்டுட்டுது” என்றாள். யார், எது என்று சொல்லவில்லை. கோயில் சாம்பலையும் மஞ்சளையும் குழைத்து அந்தப் பொருக்கின் மேல் தடிப்பாகப் பூசினாள். வேறு சட்டை மாட்டினாள். கவுனை அங்கேயே தரையில் போட்டுவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள், கவுனை உதறிக்கொண்டே. “ஏம்மா! நல்லாருக்கற துணிய உட்டுட்டுப் போறியே. எம் பேத்திக்கு எடுத்துக்கட்டா?”

“எடுக்காதீங்க! அத எடுக்காதீங்க!” என்று அம்மா அலறினாள். சொன்னாளே ஒழிய நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் கவுனை வெயிலில் தூக்கிப் பிடித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேத்தி இப்போது நம் வயதை நெருங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன?

மறுநாள் தங்கச்சி நைனாவை யார் என்று கேட்டாள். நைனா கடையைப் பூட்டாமலே வேன் பிடித்தார். பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தையின் வயிற்றில் யாரோ சூடு போட்டிருந்தார்கள், மஞ்சள் காமாலைக்கு என்று. அதன் அம்மாவை நர்ஸ் எல்லார் முன்னாலும் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார். “பெத்தவளா நீ? போலீசைக் கூப்புடறேன் இரு.” அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே நின்றாள்.

எங்கள் கட்டிலுக்கு வந்த டாக்டரம்மா தங்கச்சியின் அக்குளைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். இடுப்பில் அப்பிக் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்து, “கோயிலுக்குப் போனீங்களா?” என்றார். பிறகு கேட்டார்: “ஒடம்புல எங்கயாவது கறுப்பா, சுட்ட மாதிரி ஒரு புண்ணு பார்த்தீங்களாம்மா? சின்னதா இருக்கும். வலிக்காது.”

அம்மா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள். அந்தக் காய்ச்சலைப் பார்க்கும் பரிசோதனை உடனே தெரிகிற மாதிரி அப்போது அங்கே இல்லை போலிருக்கிறது. டைபாய்டு என்று மருந்து ஏறியது. காய்ச்சல் அசையவில்லை.

நைனாவும் நானும் மறுநாள் சாப்பாடு கொண்டுபோனபோது தங்கச்சிக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. நான்கைந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இடுக்கு வழியாக ஒரு சின்னப் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. அது தானாக உதறிக்கொண்டது, பிறகு நின்றது. உதறுவதைவிட நின்றது பயமாக இருந்தது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். “இருக்குதுங்க” என்றாள். “கறுப்பா இருக்குது. நான்தான் மறச்சேன்.” தண்ணீர் தொட்டு, முந்தானையால் மஞ்சளைத் தேய்த்து எடுத்தாள். “நான் சூடு போடலீங்க. அது துணிங்க. மொத வெட்டு சாவுக்குக் குடுத்துட்டேன். சிங்கவரத்துல ஒரு கொழந்த, காய்ச்சல்ல போச்சிங்க. அந்த ரோல்ல இருந்துதான் இதுக்கும் தச்சோம். எனக்குத் தெரிஞ்சே தச்சோம்.”

நைனாவின் கையில் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.

டாக்டரம்மா துணியைப் பற்றிச் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. பொருக்கைக் குனிந்து பார்த்தார். நர்ஸிடம் ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லி, “சீக்கிரம், சீக்கிரம்” என்றார். பிறகு நிமிர்ந்து, “சிங்கவரத்துலயா? அந்தக் கொழந்தைக்கும் இப்படி இருந்துதா?” என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை.

உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில்தான் அந்தக் கறுப்புப் பொருக்கு. சாதாரண மருந்துதான், நேரத்தில் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் விழுந்துவிடும்; தாமதமானால் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகும். இதையெல்லாம் இப்போது நான் மனப்பாடமாகச் சொல்வேன். மழை விட்டதும் எங்கள் அபார்ட்மெண்ட் பெண்கள் குழுவில் எழுதிப் போடுவேன், எல்லாரும் சலித்துக்கொள்ளும் அளவுக்கு. அந்த மனிதர் படிக்குக் கீழே நின்று காய்ச்சல் என்றுதான் சொன்னார். கோட்டைப் பக்கத்து ஊர், இறங்காத காய்ச்சல், சின்னப் பிள்ளை. வேண்டியது எல்லாமே அவர் பேச்சில் இருந்தது. அம்மாவுக்கு அதில் துணி மட்டும்தான் கேட்டது. அவள் இடத்தில் இருந்திருந்தால் எனக்கு என்ன கேட்டிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். படித்தவள் என்ற தைரியத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

தங்கச்சி பிழைத்தாள். மருந்து ஏறிய மறுநாளே காய்ச்சல் விழுந்தது. கண்ணைத் திறந்து இட்லி கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நைனாவும் அம்மாவும் அவளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள். பால் குடித்தாளா, தூங்கினாளா, அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் நைனா செய்த முதல் வேலை, அந்த உருளையைத் தூக்கிக் கீழ்த்தட்டில் காடாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்ததுதான். எரிக்கவும் இல்லை, தரகரிடம் திருப்பவும் இல்லை. படிக்குக் கீழே யாராவது வந்து நின்றால் அதை எடுப்பார். காடா விலைக்கே கொடுப்பார். கையால் கிழிக்க வராது என்பதால் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு இழுப்பார். தை, மாசி முழுக்க அந்த இருமல் சத்தம் கடையில் கேட்டது. சுற்றுவட்டாரத்தில் அந்த இரண்டு மாதம் இறந்த கூலிக்காரர்கள், கிழவிகள், பிள்ளைகள் எல்லாரும் லினனில்தான் போனார்கள். வாங்கினவர்களுக்கு அது தெரியாது. பாத்திரக்கடைக்காரர் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. முதல் வெட்டு எதற்குப் போனதோ கடைசி வெட்டும் அதற்கே போகட்டும் என்று நைனா நினைத்தாரா, அம்மாவைத் தண்டித்தாரா, மன்னித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

எந்தப் பெரியவரும் கவனிக்காத ஒன்று எனக்கு விளங்காமலே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வரும்போது தங்கச்சி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பெரியவளாகிவிட்டாள், பயம் போய்விட்டது என்று நினைத்தேன்.

மாசியில் ஒரு காலை. தங்கச்சி வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து கோலப்பொடியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறி, கன்னம்கூட வைத்திருந்தது. அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “அடியே, பால் ஆறுது, வா.”

அவள் திரும்பவில்லை.

“ஏய், உன்னத்தான். வாடி.”

“வெளையாட்டுல இருக்கா, உடு” என்றார் நைனா, சட்டையை மாட்டிக்கொண்டே. “ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததுல இருந்து செல்லம் ஜாஸ்தி ஆயிடுச்சி. கூப்ட்டா வரதே இல்ல.”

அம்மா டம்ளரோடு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். இன்னொரு தரம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், சத்தமாக. எதிர்க் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கச்சி கோட்டின் முனையை வளைத்து, ஒரு பூ போட்டாள்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் அவள் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் படீரென்று தட்டினாள். தெருவில் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. அவை பறந்ததைப் பார்த்துத்தான் தங்கச்சி தலையைத் தூக்கினாள்.

நைனா பட்டனைப் போட்ட கையை அப்படியே வைத்திருந்தார். அம்மா அழவில்லை. சுற்றிக்கொண்டு போய், கோலத்தை மிதிக்காமல், தங்கச்சியின் முகத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “பால் ஆறுது, வா” என்றாள், உதட்டை மெதுவாக அசைத்து. தங்கச்சி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

அன்றிலிருந்து அம்மா அவளிடம் எதைச் சொல்வதானாலும் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றுதான் சொல்கிறாள்.